காத்திருக்கும் கணினி



கணினியைப் பற்றிப் பேசுவதற்கு இவன் தகுதியுடையவனா என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். எனக்கே அந்த ஐயம் உண்டு. நான் தமிழும் வரலாறும் பயின்று கலைப்பட்டம் பெற்றவன். ஹற்றனை அடுத்த தோட்டப் பகுதியொன்றில் அரசாங்கப் பாடசாலை அதிபராகக் கடமையாற்றுபவன். இயந்திரங்களின் உள்ளமைப்பை நான் முறையாகக் கற்றவனல்லன். எனினும், ஓர் இயந்திரம் ஏன் மெதுவாக இயங்குகிறது என்பதை அறியாமையால், ஏழைப் பெற்றோரின் பணத்தை ஒருமுறை வீணாக்கியிருக்கிறேன். மறுமுறை வீணாக்க இருந்து, மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அந்த அனுபவந்தான் என்னை இன்று உங்கள்முன் பேசவைக்கிறது.

2022 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை இலங்கையில் வாழ்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மின்சாரத்துக்கோ நேர அட்டவணை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் இன்மை ஒரு காரணம். நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் தாழ்ந்தமை மற்றொரு காரணம். எங்கள் மலைகளின் மழைநீரைத் தேக்கி வைக்கும் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் எங்களுக்கு அண்மையிலேயே உள்ளன. 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான நீர்மின் நிலையமும் வெகு தொலைவில் இல்லை. நாட்டுக்கெல்லாம் ஒளி கொடுத்த நீரின் அயலிலே நாங்கள் மெழுகுதிரி ஏற்றி அமர்ந்திருந்தோம்.

அந்த ஆண்டு மே மாதம் 23 ஆம் திகதி கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. உண்மையில் அது 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை, பெருந்தொற்றினால் பிற்போடப்பட்டது. 2020 மார்ச் மாதம் தொட்டுப் பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தமையால், எங்கள் மாணவர் பல பாடங்களை அரைகுறையாகவே கற்றிருந்தனர். குறிப்புகளை அச்சிட்டுக் கொடுக்கலாமென்றால் கடதாசிக்குத் தட்டுப்பாடு. ஆகவே, இன்றியமையாத 12 பாடங்களை ஆசிரியர்களைக்கொண்டு காணொளியாகப் பதிவு செய்து, சிறு நினைவக அட்டைகளில் ஏற்றி, லயங்களுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தோம். இணைய அலை எட்டாத லயத்திலும் கைத்தொலைபேசி ஒன்றாவது இருக்கும். ஒரு காம்பிராவில் நான்கு பிள்ளைகள் கூடியிருந்து பாடத்தைப் பார்க்கலாம் அன்றோ?

பதிவு செய்வது எளிதாகவே முடிந்தது. இடர் அதன் பின்னர்தான் வந்தது. பதிவு செய்த துண்டுகளை வெட்டி ஒட்டி, தலைப்பிட்டு, ஒலியைச் சீராக்கி, இறுதியில் ஒரே கோப்பாக ஆக்குதல் வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தை ரெண்டரிங் என்பர். காட்சியாக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். காணொளி என்பது அடுத்தடுத்து ஓடும் நிழற்படங்களின் வரிசையே. ஒரு வினாடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொண்டால், 40 நிமிடப் பாடத்துக்கு 60,000 படங்கள் ஆகின்றன. ஒவ்வொரு படத்திலும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் கணினி மீளக் கணித்து, சுருக்கி, எழுதி வைக்கவேண்டும். இதற்குச் சிறிது நேரம் செல்வது இயல்பே. ஆயின், எங்கள் கணினி ஒரு பாடத்துக்கு ஒன்பதரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

இரவு 11 மணிக்கு வேலையைத் தொடங்கிவிட்டால் காலை எட்டரை மணிக்குத்தான் முடியும். எங்கள் பகுதிக்குரிய காலை மின்வெட்டோ அதற்குமுன் வந்து நிற்கும். மின்சாரம் நின்றபின் கணினியைத் தாங்கும் மின்கலப் பெட்டி சில நிமிடங்களே உதவும். பாதியில் நின்ற காட்சியாக்கத்தை அந்த மென்பொருள் தொடர்வதில்லை, முதலிலிருந்தே தொடங்கவேண்டும். இவ்வாறு முதலாவது பாடம் இருமுறை பாழாயிற்று. பரீட்சைக்கு ஏழு வாரங்கள் இருந்தன. பன்னிரண்டு பாடங்களில் ஒன்றுதானும் பிள்ளைகள் கைக்குப் போகவில்லை.

இவ்விடத்தில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் ஆண்டிலேயே, அதாவது 2021 இல், இந்தக் கணினி ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் எடுக்கக் கண்டு, அதை ஒரு கடைக்குக் கொண்டுசென்றோம். "நுண்செயலி போதாது, நான்கு கருக்கள் உள்ளதை எடுத்துவிட்டு எட்டுக் கருக்கள் உள்ளதைப் பொருத்தினால் வேகம் இரட்டிக்கும்" என்றார்கள். நுண்செயலி என்பது கணினியின் மூளை. கரு என்பது அதனுள் தனித்து வேலை செய்யவல்ல ஒரு பகுதி. நான்கிலும் எட்டுப் பெரிதென்பது கலைப் பட்டதாரிக்கும் விளங்குமன்றோ? பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தைக் கொடுத்து அதனை மாற்றினேன். வேலை நேரத்தில் குறைந்தது சில நிமிடங்களே. அப்பொழுதே நான் "ஏன்?" என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

2022 இல் மறுபடியும் அதே வாசலுக்குப் போனோம். இம்முறை, "இயந்திரமே பழுது, புதிதாக வாங்குங்கள்" என்றார்கள். விலை 3 இலட்சம் ரூபாவுக்கு மேல். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச் மாதத்தில்தான் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இருந்தும், பிள்ளைகளின் படிப்பென்றதும் பெற்றோர் தங்களால் இயன்றதைத் திரட்டி 38,000 ரூபா கொண்டுவந்தார்கள். அதை முற்பணமாகச் செலுத்திவிட்டு மீதிக்குக் கடன்படுவதென்பது என் எண்ணம். அதற்கு ஒப்புதல் பெறவே கூட்டம் கூட்டினேன்.

கூட்டத்தில் எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியை எழுந்து, "சேர், பணத்தைக் கொடுக்குமுன் ஒரு விஷயத்தைக் காட்டவேண்டும்" என்றார். கணினியில் காட்சியாக்கத்தைத் தொடக்கிவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் என்னும் கண்காணிப்புப் பலகை திரையில் தோன்றிற்று. நுண்செயலி தன் ஆற்றலில் எத்தனை வீதத்தைப் பயன்படுத்துகிறது என்பதை அது காட்டும். நாங்கள் எதிர்பார்த்தது நூற்றுக்கு நூறு. அங்கே நின்றதோ நூற்றுக்குப் பதின்மூன்று! ஒன்பதரை மணி நேரம் எங்களைக் காக்கவைத்த இயந்திரம், தன் வலிமையில் ஏழில் ஒரு பங்கைத்தானும் முழுதாகச் செலவிடவில்லை. "போன வருடம் நான்கு கருக்கள் இருந்தபோது இந்த அளவு 25 ஆக இருந்தது, சேர். எட்டாக்கியதும் 13 ஆகிவிட்டது. நேரம் மட்டும் மாறவில்லை" என்றார் ஆசிரியை.

பின்னர் அவர் அந்த வரைபடத்தின்மேல் சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தி, கருக்களைத் தனித்தனியே காட்டும்படி மாற்றினார். ஒரு கோட்டுப்படம் எட்டாகப் பிரிந்தது. எட்டில் ஒன்று உச்சியைத் தொட்டு நின்றது. ஏனைய ஏழும் தரையோடு தரையாய்க் கிடந்தன. நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு தாய் சொன்னார்: "எங்கள் மடுவத்திலும் இப்படித்தான், சேர். நாற்பது பேர் கூடையோடு நிற்கிறோம், தராசு ஒன்று."

நேயர்களே, அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருந்தது. கொழுந்து மடுவத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். மலையில் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். அந்த வேலையைப் பகிரலாம். ஆள் கூடினால் வேலை விரையும். ஆனால் பறித்த கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு வரும்போது, தராசு ஒன்று, கணக்கப்பிள்ளை ஒருவர். அங்கே நாற்பது பேருக்குப் பதிலாக எண்பது பேரை நிறுத்தினால் என்ன நேரும்? நிறுவை விரையாது, வரிசைதான் நீளும். தூரத்திலிருந்து பார்ப்பவர், "இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே, இவர்கள் சோம்பேறிகள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர்கள் சோம்பேறிகளல்லர், காத்திருப்பவர்கள். எங்கள் நுண்செயலியின் ஏழு கருக்களும் அவ்வாறே காத்திருந்தன. எட்டில் ஒரு பங்கு என்பது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பலகை காட்டிய 13 இன் பொருள் இதுவே: ஒரு கரு மூச்சுத் திணற உழைக்கிறது, மற்றவை வேலையின்றி நிற்கின்றன.

இத்தகைய நிலை எங்ஙனம் உண்டாயிற்று? ஒரு காலத்தில் நுண்செயலிகளின் வேகம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வந்தது. பின்னர் வெப்பம் குறுக்கே நின்றது. ஒரே கருவை மேலும் விரைவாக ஓட்டினால் அது தாங்கொணாச் சூடடையும். ஆகவே, 2005 ஆம் ஆண்டளவில் இல்லங்களுக்குரிய கணினிகளிலும் இரண்டு கருக்களை ஒன்றாக வைக்கத் தொடங்கினர். பின்னர் நான்கு, எட்டு என்று எண்ணிக்கை வளர்ந்தது. ஆனால் மென்பொருள் தன் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வகையில் எழுதப்பட்டிருந்தால்தான் இத்தனை கருக்களாலும் பயன் உண்டு. பங்கிடாத வேலைக்கு எட்டுக் கருவும் ஒன்றே, எண்பது கருவும் ஒன்றே.

இதற்கு எல்லை வகுத்துக் காட்டியவர் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர், ஆண்டு 1967. அவர் கூற்றின் சாரத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு வேலைக்கு 60 நிமிடம் செல்கிறது என்க. அதில் 45 நிமிட வேலையைப் பலருக்குப் பங்கிடலாம். 15 நிமிட வேலையை ஒருவரே செய்யவேண்டும். எட்டுப் பேரை அமர்த்தினால், 45 நிமிடம் ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மொத்தம் 21 நிமிடம் ஆகும். எட்டாயிரம் பேரை அமர்த்தினாலும் 15 நிமிடத்துக்குக் கீழே போகாது. அந்தப் பதினைந்து நிமிடமே தராசு. தராசைத் தேடாமல் ஆளைச் சேர்ப்பவன் கூலியைத்தான் வீணாக்குகிறான். 2021 இல் நான் செய்தது அதுவே.

எங்கள் தராசு எது? ஆசிரியை தேடிக் கண்டார். மழைநாளில், இருண்ட வகுப்பறையில் பதிவு செய்தமையால் படத்தில் புள்ளிபுள்ளியாய்க் கறை விழுந்திருந்தது. அதைப் போக்க ஒரு வடிகட்டும் செய்கையைப் பாடம் முழுவதற்கும் பூட்டியிருந்தோம். அந்தச் செய்கை ஒரு கருவில் மட்டும் ஓடுமாறு எழுதப்பட்ட பழையது. 60,000 படங்களும் அந்த ஒற்றைத் தராசின்முன் வரிசையில் நின்றன. மிக இருண்ட சில நிமிடங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, ஏனைய இடங்களில் நீக்கினோம். ஒன்பதரை மணி நேரம் நான்கு மணியாகக் குறைந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. எஞ்சிய பாடங்களைச் சாளர ஓரத்தில், பகல் வெளிச்சத்தில் பதிவு செய்தோம். வடிகட்டவேண்டிய தேவையே எழவில்லை.

ஆயினும், நுண்செயலியின் அளவு நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு தடையை நீக்கினால் அதன் பின்னால் மறைந்திருந்த அடுத்த தடை வெளிப்படும். தேயிலைத் தொழிற்சாலையில் இதை நாளும் காணலாம். கொழுந்து வந்தவுடன் ரோலரில் இடப்படுவதில்லை. முதலில் பல மணி நேரம் வாட்டப்படவேண்டும். வாட்டும் தட்டு நிரம்பிக் கிடந்தால், கீழே எத்தனை ரோலர் இருந்தாலும் அவை வெறுமனே நிற்கும். எங்கள் கணினியிலும் அவ்வாறே நேர்ந்தது. மூலக் கோப்புகள் ஒரு பழைய பென் டிரைவில் இருந்தன. இடைக்காலக் கோப்புகளையும் முடிந்த கோப்பையும் ஒரே வன்தட்டு எழுதிக்கொண்டிருந்தது. கண்காணிப்புப் பலகையில் வன்தட்டின் அளவு நூற்றுக்கு நூறாக நின்றது. சுழலும் தட்டில் ஊசிபோன்ற ஒரு முனை அங்குமிங்கும் ஓடித்தான் வாசிக்கவும் எழுதவும் வேண்டும்; அது ஓடி முடியுமட்டும் நுண்செயலி காத்திருக்கும்.

நினைவகத்திலும் நெருக்கடி இருந்தது. நினைவகம் என்பது வேலை மேசை போன்றது. வன்தட்டு அலுமாரி போன்றது. மேசை சிறியதானால், ஒன்றை எடுத்து வைக்க மற்றொன்றை அலுமாரிக்குள் திணிக்கவேண்டும். எங்கள் கணினியில் 8 ஜிகாபைட் நினைவகம் ஒரே சட்டமாக இருந்தது. அது நிரம்பி வழிந்து, மீதி வன்தட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. ஆகவே பெற்றோரின் பணத்தில் இரண்டு பொருள்களை வாங்கினோம்: இன்னொரு நினைவகச் சட்டம் ஒன்று, எஸ்.எஸ்.டி. எனப்படும், சுழலும் பாகமில்லாத சேமிப்பகம் ஒன்று. நினைவகத்தை இரண்டு சட்டங்களாக இணையாகப் பொருத்தினால், தரவு செல்லும் வழியும் இரண்டாகிறது என்பது ஒரு கூடுதல் நன்மை. கோப்புகளைப் புதிய சேமிப்பகத்துக்கு மாற்றியபின், நான்கு மணி நேரம் இரண்டு மணியாயிற்று.

இப்பொழுது எட்டுக் கருக்களும் உழைத்தன. அளவு தொண்ணூறைக் கடந்தது. நான் மகிழ்ந்து எழுந்தேன். ஆசிரியையோ அமர்ந்தே இருந்தார். "முன்னாண்டு ஏழு மணி நேரம் எடுத்த வேலை, இந்த ஆண்டு ஏன் ஒன்பதரை மணியாயிற்று, சேர்? இயந்திரம் மாறவில்லையே?" என்று கேட்டார். அருமையான வினா! வீதத்தின் கீழே சிறு எழுத்தில் வேக அளவு காட்டப்பட்டிருந்தது. 3 கிகாஹேர்ட்ஸில் ஓடவேண்டிய நுண்செயலி 2 ஐச் சற்றே தாண்டி நின்றது. எல்லாரும் வேலை செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் மெல்ல நடக்கிறார்கள். காரணத்தைத் தேடினோம். மின்வெட்டுத் தொடங்கியபோது, மின்கலப் பெட்டி சற்றுக் கூடுதல் நேரம் தாங்கட்டும் என்று, கணினியின் மின் அமைப்பைச் சிக்கன நிலைக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். உச்ச வேகத்தில் நூற்றுக்கு 70 வீதத்தைத் தாண்டாதபடி கட்டளை இடப்பட்டிருந்தது. அப்படிச் சொன்னவர் யார்? நானேதான். சில நிமிட மின்கலத்தைச் சேமிக்கப்போய், ஒவ்வோர் இரவிலும் இரண்டு மணி நேர மின்சாரத்தைச் செலவிட்டேன். சிக்கனமும் இடமறிந்து செய்யவேண்டிய ஒன்று.

கட்டளையை நீக்கியதும் வேகம் ஏறிற்று. ஆனால் கால் மணி நேரத்தில் மறுபடியும் தாழ்ந்தது. இதற்குக் காரணம் வெப்பம் என்றார் ஆசிரியை. "இந்தக் குளிரில் இயந்திரம் சூடாகுமா?" என்று நான் சிரித்தேன். நுவரெலியா மாவட்டத்துக் காலைக் குளிரை அறிந்தவர் எவரும் அப்படித்தான் சிரிப்பர். ஆனால் நுண்செயலியின் வெப்பம் அறையின் வெப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அதன்மேல் உள்ள உலோகத் தகடுகளினூடே காற்று செல்வதைப் பொறுத்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், தகடுகளுக்கிடையே தூசியும் பஞ்சும் ஈரத்தோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன. ஏறத்தாழ 90 அல்லது 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினோம். அதன்பின் ஒரு பாடம் 1 மணி 10 நிமிடத்தில் முடிந்தது.

கடைசியாக ஒன்று. காணொளியைச் சுருக்கி எழுதும் வேலைக்கென்றே தனி உறுப்பு ஒன்று பல கணினிகளில் அமைந்திருக்கிறது. இன்டெல் நிறுவனம் 2011 இல் தன் நுண்செயலிகளோடு அத்தகைய உறுப்பைச் சேர்த்தது. காட்சி அட்டை செய்யும் பிற நிறுவனங்களும் அவ்வாறு செய்தன. எங்கள் இயந்திரத்திலும் அது உறங்கிக் கிடந்தது. மென்பொருளின் அமைப்பில் ஓரிடத்தில் தெரிவுக் குறி இட்டதும் அது விழித்தெழுந்தது; 40 நிமிடப் பாடம் ஏறத்தாழ 40 நிமிடத்திலேயே ஆயத்தமாயிற்று. அப்பொழுது நுண்செயலியின் அளவு மறுபடியும் நாற்பதுக்குத் தாழ்ந்தது. நான் பதறினேன். "இது குறையன்று, சேர், சுமையை வேறொருவர் தூக்கிக்கொண்டார்" என்றார் ஆசிரியை. இதையும் மனத்தில் இருத்துங்கள். குறைந்த அளவு எப்பொழுதும் பழுதின் அடையாளமன்று. வேலை விரைவாக நடக்கிறதா என்பதே முதல் வினா. இன்னொன்றும் உண்டு: அந்தத் தனி உறுப்பு எழுதும் கோப்பு, ஒரே அளவில், நுண்செயலி நிதானமாக எழுதும் கோப்பைவிடத் தரத்தில் சற்றுக் குறைவாக இருத்தல் கூடும். கைத்தொலைபேசியில் பார்க்கும் பாடத்துக்கு அது பொருட்டன்று.

உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ கணினி மந்தமாக இயங்கினால், கடைக்குச் செல்லுமுன் ஆறு வினாக்களைக் கேளுங்கள். முதலாவது, கருக்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்று மட்டும் உச்சியில் நிற்கிறதா? ஆம் எனில், வேலையைப் பங்கிடாத செய்கை எதுவென்று தேடுங்கள். இரண்டாவது, வன்தட்டு நூறில் நிற்கிறதா? ஆம் எனில், கோப்புகள் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். மூன்றாவது, நினைவகம் நிரம்பியிருக்கிறதா? நான்காவது, வேக அளவு இருக்கவேண்டிய அளவில் இருக்கிறதா, அன்றி எவரேனும் சிக்கனக் கட்டளை இட்டிருக்கிறார்களா? ஐந்தாவது, விசிறியும் தகடுகளும் தூய்மையாக உள்ளனவா? ஆறாவது, காட்சிக்கென அமைந்த தனி உறுப்பு வேலை செய்கிறதா? ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியபின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்பது தெரியாமற் போய்விடும். இவை அனைத்தின் பின்னும் எட்டுக் கருக்களும் முழு வேகத்தில் உழைத்து, வேலை அப்பொழுதும் முடியவில்லையானால், அன்று புதிய இயந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். அது நியாயமான செலவு.

எங்கள் பன்னிரண்டு பாடங்களும் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னரே ஆயத்தமாயின. மின்வெட்டுக்கும் மின்வெட்டுக்கும் இடையே ஒன்றோ இரண்டோ என முடித்தோம். 38,000 ரூபாவில் எஞ்சிய தொகைக்கு நினைவக அட்டைகள் வாங்கினோம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்மார் அவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்கள். நான் வாங்க இருந்த 3 இலட்சம் ரூபா இயந்திரம் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். அதே வடிகட்டும் செய்கையையும், அதே பென் டிரைவையும், அதே சிக்கனக் கட்டளையையும் நாங்கள் அதிலும் வைத்திருப்போம். பளபளக்கும் புதிய பெட்டியின் முன்னும் விடியும்வரை காத்திருந்திருப்போம், கடனும் மிஞ்சியிருக்கும்.

இறுதியாக ஓர் ஆசிரியனின் சொல். முப்பது ஆண்டுக்கு மேலாக மாணவர் தேர்ச்சி அறிக்கைகளில் "மந்தம்" என்னும் சொல்லை நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பின் அதை எழுதுமுன் பேனா நின்றுவிடுகிறது. பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஏன் மெதுவாக எழுதுகிறது? கரும்பலகை தெரியவில்லையா? காலையில் ஒன்றும் உண்ணாமல் மலையிறங்கி வந்ததா? இரவு படிக்க ஒரு காம்பிராவில் இடமில்லையா? ஆற்றல் இல்லாமைக்கும் ஆற்றல் காத்திருப்பதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. அருகே சென்று, தனித்தனியே பார்த்தால்தான் தெரியும். இதை ஒரு கலைப் பட்டதாரிக்குக் கற்பித்தவர், நாள்தோறும் ஒற்றைத் தராசின்முன் நிற்கும் ஒரு தாய்.